நெற் காசும் ஷொக்வேவும்

அந்த அறையில் எங்கள் நாலு பேருக்கும் நிற்க இடமில்லை. ஆனாலும் நின்றோம். ஒன்பதாம் நம்பர் கட்டிலில் படுத்திருந்தான். முழங்காலுக்குக் கீழே ஒரு துவாயைச் சுருட்டி வைத்திருந்தார்கள். ஃபிசியோ அவன்ர முழங்கால் சில்லுக்குக் கீழே பெருவிரலால் அமத்தி அமத்திக்கொண்டு போனார். ஒரு இடத்தில் அவன் கட்டில் விளிம்பை இறுக்கிப் பிடித்தான். அந்த இடத்தில் பேனையால் ஒரு புள்ளி. புள்ளிக்கு மேல் ஜெல். பிறகு தலைமயிர் காயவைக்கிற மிசின் அளவில் ஒரு சாமானை எடுத்து, அதன் நுனியைப் புள்ளியில் வைத்து, சுவிட்சை அமத்தினார்.

டக்டக்டக்டக்டக்.

றோட்டு உடைக்கிற மிசின் இருக்கல்லோ, அதின்ர குட்டி எண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ. செக்கனுக்குப் பத்து அடி. மொத்தம் 2000 அடி. கணக்குப் பார்த்தால் மூன்றரை நிமிசம் கூட வராது. அதுக்கு நாலாயிரத்து ஐநூறு ரூபா. நாங்கள் சிரிச்சுக்கொண்டு வீடியோ எடுத்தோம். அவன் சிரிக்கேல்லை.

அந்தக் காசு புது நெற் வாங்கச் சேர்த்த காசு.

நாங்கள் வலிகாமம் கிழக்கில் ஒரு சின்னக் கரப்பந்தாட்டக் கிளப். இலங்கையின் தேசிய விளையாட்டு கரப்பந்தாட்டம், அப்படி அறிவித்தது 1991இல் எண்டு பள்ளிக்கூடத்தில் பாடமாக்கினோம். ஆனால் புத்தூர், ஆவரங்கால் பக்கத்துச் சனத்துக்கு அதை ஒருத்தரும் சொல்லிக் குடுக்கத் தேவையில்லை. கோயில் திருவிழா முடிய ஒரு சுற்றுப்போட்டி, ஆரும் செத்தால் அடுத்த வருசம் ஞாபகார்த்தச் சுற்றுப்போட்டி, லைற் போட்டு விடியப்புறம் வரைக்கும் நடக்கும். எங்கட கிரவுண்ட் செம்மண். மாரியில் சேறு, ஆடி ஆவணியில் சீமெந்து. அந்தச் சீமெந்தில் ஏழு வருசமாக எம்பி எம்பி அடிச்சவன்தான் ஒன்பதாம் நம்பர். பேர் எழுதவில்லை. "எழுதுறதெண்டா எழுதுங்கோடா, பேரைப் போட்டு என்ர கலியாணத்தைக் குழப்பிப் போடாதேங்கோ" எண்டு சொல்லிப்போட்டான். ஆகவே சேர்ட்டில் உள்ள இலக்கம்தான் இங்கே அவன்ர பேர்.

வேலை, டைல்ஸ் பதிக்கிறது. இதை நாங்கள் முதலே யோசிச்சிருக்க வேணும். பகல் முழுக்க முழங்காலில் நிற்கிறான். பின்னேரம் அதே முழங்காலில் எம்புகிறான்.

நோ தொடங்கி எட்டு மாசமாகியிருந்தது. முதலில் விளையாடி முடிய மட்டும் நொந்தது. பிறகு விளையாடத் தொடங்கேக்கை நொந்து, உடம்பு சூடேற மறைஞ்சது. அதுதான் ஆளை ஏமாத்துகிற கட்டம். சூடேறினால் போகுதெண்டா அது பெரிய வருத்தமில்லை எண்டு அவனும் நினைச்சான், நாங்களும் நினைச்சோம். சித்தாலேப பூசினான். முறிவு நெரிவு வைத்தியரிட்டைப் போய்ப் பத்துப் போட்டான். மருந்துக்கடையில் நோக் குளிசை வாங்கி, மச் நாளில் சாப்பாட்டுக்குப் பிறகு ஒண்டு போட்டான். கறுப்பு நிறத்தில் முழங்கால் பட்டி ஒண்டு வந்தது. வீட்டில படியில் இறங்கேக்கை பக்கவாட்டாக இறங்குகிறான் எண்டு அவன்ர அம்மா சொன்ன பிறகுதான் ஸ்கான் எடுத்தோம். பற்றெலர் ரெண்டினோபதி எண்டு எழுதியிருந்தது. முழங்கால் சில்லையும் கீழ்க்காலின் பெரிய எலும்பையும் இணைக்கிற தசைநாண் பழுதாகியிருக்கு எண்டு அர்த்தம். பாய்ந்து விளையாடுகிற ஆக்களுக்கு வருகிறபடியால் இதுக்கு 'ஜம்பர்ஸ் நீ' எண்டும் பேர். 2005இல் நோர்வேயில் உயர்மட்ட விளையாட்டு வீரர்களைப் பார்த்த ஒரு ஆய்வில், ஆண் கரப்பந்தாட்டக்காரரில் கிட்டத்தட்ட 45 வீதம் பேருக்கு இது இருந்தது. நூற்றுக்கு நாற்பத்தைஞ்சு! எங்கட ஆறு பேரில் மூன்று பேர் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ.

ஷொக்வேவ் எண்ட சொல்லை ஆர் முதல் கொண்டுவந்தது எண்டதில் இன்னும் சண்டை இருக்கு. யூரியூப்பில் ஐரோப்பாவில் விளையாடுகிற ஒருத்தன் செய்கிறதைப் பார்த்தோம். ரவுணில் ஒரு இடத்தில் மிசின் வந்திருக்கு எண்டு கேள்விப்பட்டோம். கிழமைக்கு ஒண்டு, மொத்தம் மூன்று தடவை. பதின்மூவாயிரத்து ஐநூறு. நெற் காசு பதினாலாயிரம் கிடந்தது. கூட்டம் வைச்சு வாக்கெடுப்பெல்லாம் நடத்தவில்லை. அவன் இல்லாமல் புது நெற் கட்டி என்ன செய்கிறது எண்டு ஒருத்தன் கேட்டான், அதோட முடிஞ்சுது.

முதல் நாள் அந்த ஃபிசியோ மூன்று விசயம் சொன்னவர். ஒண்டு, மூன்று தடவையும் தவறாமல் வரவேணும். இரண்டு, இந்தத் தாளில் உள்ள பயிற்சிகளைச் செய்யவேணும், உண்மையான மருந்து அதுதான், மிசின் ஒரு உதவி. மூன்று, இந்தக் காலத்தில் பாய்கிறதைக் குறைக்கவேணும், நோ குறைஞ்சாலும் உடனே மச்சுக்கு இறங்கக் கூடாது. நாங்கள் முதலாவதைக் கேட்டோம். தாளைப் போனில் படம் பிடிச்சுக் குறூப்பில் போட்டோம். அதுக்குக் கீழே பதினொரு தம்ஸ்அப் விழுந்தது. அதோட சரி.

முதல் தடவை முடிய இரண்டு நாளைக்கு அவனுக்கு நோ இல்லை. இரண்டாம் தடவை முடியப் படியில் நேராக இறங்கினான், அவன்ர அம்மா எங்களைக் கூப்பிட்டுத் தேத்தண்ணி தந்தவ. மூன்றாம் தடவை ஒரு வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை அரையிறுதியும் இறுதியும். இதில் நாங்கள் யோசிக்கவே இல்லை எண்டு சொன்னால் பொய். யோசிச்சோம். பயிற்சியாளர் அண்ணை, "தம்பியவை, அவனைக் கொஞ்சம் பாத்து..." எண்டு இழுத்தவர். நாங்கள்தான் "அண்ணை, அவனுக்கு நோவே இல்லை, கேட்டுப் பாருங்கோ" எண்டோம். அவனும் இல்லையெண்டான். உண்மைதான், அந்த நேரம் இல்லை.

அரையிறுதியில் அவனைத் தடுக்க ஒருத்தராலும் ஏலாமல் போச்சுது. இறுதியில் மூன்றாவது செற்றில் ஒருக்கா அடிச்சிட்டு இறங்கினவன், அடுத்த பந்துக்கு எம்பேல்லை. நிண்ட இடத்தில் நிண்டான். செற்றர் அவனுக்கெண்டு தூக்கின பந்து, ஆளில்லாமல் எங்கட பக்கமே விழுந்தது.

நாங்கள் இரண்டாமிடம். கப்பைக் கொண்டு அவன்ர வீட்டுக்குப் போனோம். அம்மா வாசலில் நிண்டு, "காலைக் குடுத்திட்டுக் கப்பைக் கொண்டு வந்திருக்கிறியள் என்ன" எண்டா. அதுவும் சின்னக் கப்.

பிறகு ஒரு மாசம் அவனால் முழங்காலில் நிற்க முடியவில்லை. முழங்காலில் நிற்க முடியாதவனுக்கு டைல்ஸ் வேலை இல்லை. நாள் சம்பளக்காரன், ஒரு மாசம். இந்தக் கணக்கை நாங்கள் இன்னும் கட்டி முடிக்கவில்லை.

அந்த மாசம் எங்கட குறூப் முழுக்க ஒரே கதை, மிசின் காசு பிடுங்கி, ஏமாத்து. பெரியாக்களில் ஒருத்தர் "அது கல்லு உடைக்கிற மிசின்தானேடா, அதைக் கொண்டுபோய் முழங்காலில் வைச்சால்?" எண்டார். கேலியாகத்தான் சொன்னவர், ஆனால் தேடிப் பார்க்க அவர் சொன்னது பாதிக்கு மேல் சரி. ஜேர்மனியில் டோர்னியர் எண்டு விமானம் செய்கிற ஒரு கொம்பனி. ஒலியை விட வேகமாகப் பறக்கிற விமானத்தில் மழைத்துளி மோதினால் உலோகத்துக்கு என்ன நடக்கும் எண்டு ஆராயப் போய், அந்த அதிர்ச்சி அலை ஒரு பொருளுக்குள்ளால் எப்படிப் பயணிக்கிறது எண்டு கண்டுகொண்டார்கள். வெளியில் காயமில்லாமல் உள்ளே இருக்கிறதை உடைக்கலாம். 1980 பெப்ரவரியில் மியூனிக்கில் முதன்முதலாக ஒரு மனுசனின் சிறுநீரகக் கல்லை அப்படி உடைச்சார்கள். அந்த நேரம் நோயாளியைத் தண்ணித் தொட்டிக்குள் இறக்கித்தான் செய்தவர்கள். அதில் இருந்துதான் எலும்புக்கும் தசைநாணுக்கும் வந்தது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நாள்பட்ட குதிக்கால் நோவுக்கு இதைப் பாவிக்க அனுமதி கிடைச்சது.

ஆனால் எங்கட ஆளின் காலில் டக்டக் எண்டது கல்லுடைக்கிற அந்த மிசின் இல்லை. அது காற்று அமுக்கத்தால் ஒரு சின்ன இரும்புத் துண்டைக் குழாய்க்குள் ஓடவிட்டு நுனியில் மோத வைக்கிற சாமான். அந்த மோதல்தான் தோலுக்குள்ளால் போகிறது. போகப் போகப் பரந்து வலு குறைகிறது. சரியாகச் சொன்னால் அது அதிர்ச்சி அலையே இல்லை, அமுக்க அலை எண்டு சொல்கிற ஆக்களும் இருக்கினம். கல்லும் உடையிறதில்லை, எங்கட ஆளின் நாணில் உடைக்கக் கல்லும் இல்லை. நோவைச் சொல்கிற நரம்பு நுனிகளை அது கொஞ்சக் காலத்துக்கு மந்தமாக்குகிறது எண்டது ஒரு விளக்கம். மந்தமாய்க் கிடக்கிற கலங்களைத் தட்டி எழுப்பித் திருத்த வேலையைத் தொடக்குகிறது எண்டது இன்னொண்டு.

முதல் விளக்கத்தை வாசிச்ச அன்றைக்கு நாங்கள் ஒருத்தரும் குறூப்பில் ஒண்டும் எழுதேல்லை. அவனுக்கு நோ இல்லாமல் போனது நாண் மாறினதால் இல்லை, மணி அடிக்கிறது நிண்டதால் எண்டால், மணி நிண்ட வீட்டுக்குள் அவனை அனுப்பினது நாங்கள்.

எங்களில் ஒருத்தனின் மச்சாள் பேராதனையில் ஃபிசியோதெரபி படிக்கிறா. அவவிட்டைக் கேட்டோம். அவ அனுப்பின முதல் கட்டுரையே எங்களுக்கெண்டு எழுதினது மாதிரி இருந்தது. நெதர்லாந்தில் 2011இல் வெளியானது. கரப்பந்தாட்டம், கூடைப்பந்தாட்டம், கைப்பந்தாட்டம் விளையாடுகிற 62 பேர். எல்லாருக்கும் ஜம்பர்ஸ் நீ. எல்லாரும் சீசன் நடுவில், நோவோட விளையாடிக்கொண்டிருந்தவர்கள். பாதிப் பேருக்கு உண்மையான ஷொக்வேவ், கிழமைக்கு ஒண்டாக மூன்று. மற்றப் பாதிப் பேருக்கும் அதே மாதிரித்தான், ஆனால் அலை காலுக்குள் போகாது. ஆருக்கு எது எண்டு அவர்களுக்குத் தெரியாது. மாசக்கணக்கில் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் கொஞ்சம் சுகம் வந்தது. இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசமில்லை.

"அப்ப ஏமாத்துத்தானே?" எண்டு கேட்டோம்.

"அப்பிடிச் சொல்லேலாது" எண்டு அவ ஒரு நீட்டு வொய்ஸ் அனுப்பினா. குதிநாணில், அதுதான் அக்கிலீஸில், கதை வேறயாம். ஜேர்மனியில் 2007இல் 75 பேரை மூன்று கூட்டமாகப் பிரிச்சு, ஒரு கூட்டத்துக்கு ஷொக்வேவ், ஒரு கூட்டத்துக்குப் பயிற்சி, ஒரு கூட்டத்தைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க விட்டார்கள். ஷொக்வேவும் பயிற்சியும் கிட்டத்தட்டச் சமம், இரண்டும் சும்மா இருந்ததை விட நல்லம். இரண்டு வருசம் கழிச்சு அதே ஆக்கள், பயிற்சியோட ஷொக்வேவும் சேர்த்தால் பயிற்சி தனியாகச் செய்கிறதை விட நல்லாயிருக்கு எண்டு காட்டினார்கள். தோள்மூட்டு நாணில் கல்சியம் படிஞ்ச ஆக்களுக்கும் பலன் இருக்கு. "உங்கட ஆளுக்கு மிசினை வைச்ச இடமும் சரியில்லை, நேரமும் சரியில்லை எண்டு வேணுமெண்டால் சொல்லுங்கோ. ஆனா முதல்ல சொல்லுங்கோ, பயிற்சி செய்தவரா?" எண்டு கேட்டா.

பதினொரு தம்ஸ்அப்பைப் பற்றி அவவிட்டை எப்படிச் சொல்கிறது?

தசைநாண் எண்டதைத் தும்புக்கயிறு மாதிரி நினையுங்கோ. புரி புரியாகத் திரிச்சு, ஒரே பக்கம் பார்த்துக் கிடக்கவேணும். பாரம் கூடி, ஆற நேரமில்லாமல் திரும்பத் திரும்ப இழுபட, புரி குழம்பிச் சிக்காகிப் போகுது. வீக்கம், அழற்சி எண்டு நாங்கள் நினைக்கிறது அதில் பெரிசாக இல்லை. அதனால்தான் குளிசை போட்டு மாறேல்லை. இன்னொரு சங்கதி வாசிச்சுத் திகைச்சுப் போனோம். 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வெளியில் அணுகுண்டு வெடிச்சுப் பார்த்தபடியால் காற்றில் கார்பன்-14 கூடினது. அந்த அடையாளத்தை வைத்து டென்மார்க்கில் ஆக்களின் குதிநாணை ஆராய்ஞ்சார்கள், 2013இல் வெளியிட்டார்கள். நாணின் நடுப்பகுதி, ஆள் வளர்ந்து முடிகிற வயசு வரைக்கும், கிட்டத்தட்டப் பதினேழு வரைக்கும் உண்டானதுதான். அதுக்குப் பிறகு அது புதிசாக மாறுகிறது மிகக் குறைவு. ஏ.எல். படிக்கேக்கை இருந்த நாண்தான் பிறகு சாகுமட்டும். முழங்கால் நாணும் அச்சொட்டாக அப்படியோ, அதை அவர்கள் ஆராயேல்லை. ஆனால் எங்கட பதினைஞ்சு வயசுக்காரரைக் காலமையும் பின்னேரமும் சீமெந்துத் தரையில் எம்ப விடுகிற பயிற்சியை அடுத்த நாளே நிப்பாட்டினோம். அண்ணைக்கு முதலில் விளங்கேல்லை, பிறகு ஓமெண்டார்.

இடையில் ஊசி போடச் சொல்லியும் ஆக்கள் சொன்னவை, ஸ்ரீரொயிட் ஊசி. டென்மார்க்கில் 2009இல் இதே முழங்கால் நோவுக்கு ஊசியையும் இரண்டு விதப் பயிற்சியையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கினம். பன்னிரண்டு கிழமையில் மூன்றும் நல்லம். அரை வருசத்தில் ஊசி போட்ட ஆக்கள் மட்டும் பின்னுக்குப் போயிட்டினம். திரும்பவும் அதே கதை, நோ முதல் போகுது, நாண் அப்பிடியே கிடக்குது.

கடைசியில் அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்குக்குத்தான் போனான். காசில்லை, மிசினில்லை, காத்திருக்கிற நேரம்தான் கனக்க. அங்க இருந்த மிஸ் அவனை ஒற்றைக்காலில் கொஞ்சம் இருந்தெழும்பச் சொல்லிப் பார்த்திட்டு, "தம்பி, என்ன வேலை செய்யிறீங்கள்?" எண்டு கேட்டவ. எங்களில் ஒருத்தரும் அவனிட்டை அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. தெரியும், ஆனால் கேட்டதில்லை. முழங்காலுக்குத் தடிச்ச பஞ்சு வைச்சு வேலை செய்யச் சொன்னா, அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா எழும்பி நடக்கச் சொன்னா. முழு ரெஸ்ட் எடுக்கச் சொல்லேல்லை. நாணுக்குப் பாரம் வேணும், ஆனால் மெதுவாக ஏத்தின பாரம் எண்டா. சரிவுப் பலகை ஒண்டு செய்யச் சொல்லி, 25 பாகை எண்டு எழுதித் தந்தா.

பலகையைத் தச்சர் அண்ணை அடிச்சுத் தந்தார். சரிவை எங்களில் ஒருத்தன்ர தங்கச்சியின் பாகைமானியால் அளந்தோம். மூன்று செக்கனில் இறங்கி, மூன்று செக்கனில் ஏறவேணும். கிழமைக்கு மூன்று நாள். முதல் கிழமை வெறும் உடம்பு. பிறகு பாரம் கூட்டவேணும். ஜிம் இல்லை. அவனே ஒரு வழி கண்டுபிடிச்சான், பழைய பள்ளிக்கூடப் பையில் வேலையிடத்து உடைஞ்ச டைல்ஸ். முதல் கிழமை நாலு, அடுத்த கிழமை ஆறு. பை பிய்ய அரிசிச் சாக்குக்கு மாறினான். நோ பத்துக்கு மூன்று நாலு வரைக்கும் வரலாம், பயமில்லை. ஆனால் அடுத்த நாள் காலமை அது பழையபடி இறங்கியிருக்க வேணும். இறங்கேல்லையெண்டால் முதல் நாள் செய்தது கூட.

சுவீடனில் அல்ஃப்ரெட்சன் எண்டு ஒரு சத்திரசிகிச்சை நிபுணர் இருக்கிறார். அவருக்கே குதிநாண் நோ. ஒப்பரேசன் செய்ய அவரின் மேலதிகாரி மறுத்துப்போட்டார். சரி, நாணை அறுத்தாவது விடுவம், அறுந்தால் ஒப்பரேசன் செய்யத்தானே வேணும் எண்டு அவர் நொந்த காலில் பாரம் ஏத்தி ஏத்திக் குதியை இறக்கினாராம். அறேல்லை, சுகம் வந்திட்டுது. 1998இல் பதினைஞ்சு பேருக்கு அதையே செய்வித்து எழுதினார். ஒரு நாளைக்கு 180 தரம், பன்னிரண்டு கிழமை. இந்தக் கதையை ஒன்பதாம் நம்பருக்குச் சொன்னோம். "அவருக்குச் சம்பளம் வந்துகொண்டு இருந்ததுதானே" எண்டான்.

பன்னிரண்டு கிழமை எண்டது சொல்ல லேசு. மூன்றாம் கிழமையில் ஒண்டும் மாறேல்லை. ஐந்தாம் கிழமையில் அவன் பலகையைத் தூக்கிக் கிணத்தடியில் எறிஞ்சான், நாங்கள் எடுத்துக் கழுவிக் கொண்டுபோய்க் குடுத்தோம். ஷொக்வேவுக்கு நாலு பேர் கூடிப் போய் நிண்ட நாங்கள், அரிசிச் சாக்கோட அவன் இருந்தெழும்பேக்கை பக்கத்தில் போய் நிற்க அதுவரைக்கும் யோசிக்கேல்லை. அதுக்குப் பிறகு முறை போட்டுப் போனோம். ஒருத்தன் செக்கன் எண்ணுவான், ஒருத்தன் சும்மா அலட்டுவான். எட்டாம் கிழமை படியில் நேராக இறங்கினான். இந்த முறை அம்மா தேத்தண்ணி தரேல்லை. நம்பேல்லை எண்டு நினைக்கிறம்.

இப்ப நாலாம் மாசம் நடக்குது. வேலைக்குப் போகிறான். ஒரு பயிற்சிக்கு முப்பது பாய்ச்சல்தான் எண்டு கணக்கு. நாங்கள் சத்தமாக எண்ணுவோம், முப்பத்தொண்டாவதைக் களவாகப் பாயப் பார்ப்பான். நெற் பழையதுதான், மீன்வலை நூலால் மூன்று இடத்தில் முடிஞ்சிருக்கு. ஒவ்வொரு நாள் காலமையும் பலகையில் ஒற்றைக்காலில் ஒருக்கா இருந்தெழும்பிப் பார்த்திட்டு, நோ எவ்வளவு எண்டு குறூப்பில் ஒரு இலக்கம் போடுவான். முந்தநாள் 2. நேற்று 4. நேற்றுப் பின்னேரம் வந்து நெற்றுக்குப் பின்னால் நிண்டு பந்து பொறுக்கித் தந்தான். இண்டைக்கு இன்னும் போடேல்லை.